வெயிலில் தண்டேறும் நத்தைகள்: புரோவான்ஸ் பயணக் குறிப்புகள்

திங்கள், ஆர்ல்

பிரான்சின் தென்கோடியில் இருக்கும் புரோவான்ஸ் பகுதியில், கோடையின் உச்சத்தில், நத்தைகள் நிழலைத் தேடிப் போகாமல் வெட்டவெளியில் நிற்கும் காய்ந்த தண்டுகளிலும் வேலிக் கம்பங்களிலும் ஏறிக் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. ஈரமில்லாமல் உயிர்வாழவே முடியாத ஒரு விலங்கு, வெயில் நேராக விழும் இடத்தைத் தேடிச் சென்று அமர்வது ஏன் என்பதை அருகிருந்து பார்த்து எழுதுவதற்காகவே இந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்த்ததை அன்றன்றே எழுதிப் பதிவிடுவதாக எண்ணம்.

அவிஞோனிலிருந்து ஆர்ல் நகருக்கு ரோன் நதியை ஒட்டி இறங்கும் சாலையில் இன்று பிற்பகல் பலமுறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. சாலையோரம் முழுவதும் காட்டுச் சோம்பு ஆளுயரத்துக்கு வளர்ந்து, அடிப்பகுதி காய்ந்து நிற்கிறது. அவற்றில் ஒரு தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, குடை பிடித்து, நெடுநேரம் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அநேகமாக ஒன்றுமில்லை. அதற்கு மேல், கிளை பிரியும் கணுவுக்கு அடியில், சுண்டுவிரல் நகத்தளவு அகலமுள்ள வெள்ளை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருந்தன. சிலவற்றில் பழுப்பு நிறக் கோடுகள் சுருளோடு சுருளாக ஓடின. சில முற்றிலும் வெளுத்தவை. இடம் கிடைக்காத சிறிய நத்தைகள் பெரியவற்றின் ஓட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டின் வாய் தண்டைப் பார்த்திருக்க, விளிம்பைச் சுற்றிக் கண்ணாடித்தாள் போன்ற காய்ந்த படலம் ஒன்று ஓட்டையும் தண்டையும் இணைத்திருந்தது. அந்தப் படலம்தான் பிடிமானம். உள்ளே இருக்கும் நத்தை எதையும் பற்றிக்கொண்டிருக்கவில்லை.

இங்கே மிகுதியாகத் தென்படுவது செரோபிக்டா டெர்பென்டினா என்ற இனம். கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியையும் காக்கசஸ் பகுதியையும் சேர்ந்த இந்த நத்தை கடந்த நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்து, தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் பெருகிவிட்டது. கடலோர மணல்மேடுகளில் தேபா பிசானா என்ற இன்னொரு இனம் இருக்கிறது; அதைப் புதன்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறேன். இவ்விரண்டும் தனித்தனி இனங்களாக இருந்தும் கோடையில் ஒரே வழக்கத்தைக் கடைப்பிடிப்பதால், இது ஓர் இனத்தின் விசித்திரமன்று, இந்த நிலமும் வெயிலும் கற்பித்த பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய், ஆர்லுக்கு வெளியே ஒரு தரிசு நிலம்

மெல்லிய கம்பி முனை கொண்ட வெப்பமானி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். தண்டைப் போன்ற மெல்லிய பொருள்களின் வெப்பத்தைத் தொலைவிலிருந்து அளக்கும் கருவிகள் பெரும்பாலும் பின்னால் இருக்கும் தரையின் வெப்பத்தையும் சேர்த்தே காட்டிவிடுவதால், முனையை நேராக வைத்து அளப்பதே நம்பத்தக்கது.

காலை ஆறு மணிக்குத் தரைக்கும் தண்டின் உச்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தண்டுகளின் மேற்பகுதியில் பனித்துளிகள் இருந்தன, தரையில் இல்லை. மேகமற்ற இரவில் வெட்டவெளியில் நிற்கும் மெல்லிய பொருள்கள் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதால் பனி முதலில் அவற்றின் மீதே படிகிறது. பகலெல்லாம் வெப்பத்தைத் தேக்கி வைத்த மண் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. இந்த விவரத்தை இப்போது குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

பிற்பகல் மூன்று மணிக்கு நிலைமை முற்றிலும் வேறு. நிழலில் காற்றின் வெப்பம் 36 டிகிரி செல்சியஸ். புல் இல்லாத வெற்று மண்ணின் மேற்பரப்பில் 58 டிகிரி. தரையிலிருந்து விரலளவு உயரத்தில் 46, முழங்கால் உயரத்தில் 39, இடுப்பளவில் 37 என்று அளவு இறங்கிக்கொண்டே போனது. பாதிக்கும் மேற்பட்ட வேறுபாடு முதல் சாண் உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நத்தைகள் ஒட்டியிருக்கும் இடம் அந்தச் சாண் உயரத்துக்கு மேலே தொடங்குகிறது என்பதைத் தண்டுக்குத் தண்டு பார்த்துக்கொண்டு நடந்தேன்.

காரணம் எளிமையானது. வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காற்றின் ஓட்டம் மிகக் குறைவாக இருப்பதால் அந்த வெப்பம் அங்கேயே தேங்குகிறது. சற்று மேலே போனால் காற்று வீசுகிறது, வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. தரையில் கிடக்கும் நத்தைக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து கொதிக்கும் மண், பக்கங்களில் தேங்கிய சூடான காற்று என்று மூன்று பக்கத் தாக்குதல். தண்டில் இருக்கும் நத்தைக்கு வெயில் ஒன்றுதான் பகை. நிழலே இல்லாத நிலத்தில் வெயிலிலிருந்து தப்ப முடியாது என்றால், தரையிலிருந்தாவது தப்பிவிடலாம் என்பதே இந்த ஏற்றத்தின் பொருள்.

நத்தை ஓட்டின் மேற்பரப்பிலும் வெப்பமானியின் முனையை வைத்துப் பார்த்தேன். இடுப்பளவு உயரத்தில் வெயில் படும் ஓடு 41 டிகிரி காட்டியது. பெரும்பாலான நத்தைகளால் 45 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்பதை நினைத்தால், அந்தச் சில டிகிரிகள் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான தொலைவு என்பது விளங்கும். இதே தண்டின் அடியில், மண்ணில் விழுந்து கிடந்த சில ஓடுகளை எடுத்துப் பார்த்தேன். உள்ளே உடல் காய்ந்து சுருங்கியிருந்தது. அவை விழுந்ததனால் இறந்தனவா, இறந்ததனால் விழுந்தனவா என்பதை அந்த ஓடுகளைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.

ஆனால் அந்தக் கேள்விக்கு உலகின் மறுகோடியில் உழவர்களே விடை கண்டிருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பகுதியின் வெள்ளை நத்தைகள் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை, வாற்கோதுமை வயல்களில் பெருந்தொல்லையாகிவிட்டன. அறுவடைக் காலத்தில் கதிர்களில் ஏறி அமர்ந்துகொள்வதால் தானியத்தோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போய்விடுகின்றன. அறுவடைக்குப் பின், வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாள் பார்த்து, கனமான சங்கிலியையோ கம்பிவடத்தையோ வயலின் குறுக்கே இழுத்துக்கொண்டு போய், தாள்களில் ஒட்டியிருக்கும் நத்தைகளை மண்ணில் உதிர்த்துவிடுகிறார்கள். மருந்து எதுவும் தேவையில்லை. சுடும் மண்ணே அவற்றைக் கொன்றுவிடுகிறது. தண்டேறுவது நத்தைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புதன், கமார்க் கழிமுகம்

ரோன் நதி இரண்டாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்தில் கமார்க் சதுப்பு நிலம் விரிகிறது. உப்பளங்கள், நாணல் காடுகள், வெள்ளைக் குதிரைகள், பூநாரைகள் ஆகியவற்றுக்காகவே பெரும்பாலோர் இங்கே வருகிறார்கள். அவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் சந்த்-மாரி-து-லா-மேர் ஊருக்குக் கிழக்கே, மணல்மேடுகளைக் காக்க அடித்திருக்கும் மரக்கம்பு வேலிகளின் ஓரமாகவே நாள் முழுவதும் நடந்தேன்.

இங்கே இருப்பது தேபா பிசானா. சாலையோர நத்தையைவிடச் சற்றே பெரியது, உருண்டையானது. ஓட்டின் அடிநிறம் தந்த வெள்ளை முதல் இளமஞ்சள் வரை. அதன்மேல் சிலவற்றில் புள்ளிகளும் இழைகளுமாகப் பழுப்புக் கோடுகள், சிலவற்றில் கோடே இல்லை. ஒரே கம்பில் இத்தனை வேறுபாடு எதற்கு என்ற கேள்வி உயிரியலாளர்களை நீண்ட காலமாக ஈர்த்து வந்திருக்கிறது. கோடுகள் மிகுந்த ஓடு வெயிலில் சற்று விரைவாகச் சூடேறும். வெளுத்த ஓடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் புதருக்குள் இருக்கும்போது கோடுகள் பறவைகளின் கண்ணிலிருந்து மறைக்கும். இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் இரண்டு வடிவங்களும் நிலைத்திருக்கின்றன என்று கொள்வது பொருத்தமாகவே படுகிறது.

வெண்மையின் வலிமையை அறிய இங்கிருந்து கிழக்கே நெகேவ் பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே வாழும் ஸ்பிங்க்டரோக்கிலா என்ற நத்தை தண்டு எதிலும் ஏறுவதில்லை. பாலை மண்ணின் மேலேயே, முழு வெயிலில், அசையாமல் கிடக்கிறது. 1971-ஆம் ஆண்டில் ஷ்மிட்-நீல்சன், டெய்லர், ஷ்கோல்னிக் ஆகிய மூவரும் அதை அளந்து எழுதினார்கள். காற்று 43 டிகிரியாகவும் மண்ணின் மேற்பரப்பு 65 டிகிரியாகவும் இருந்தபோது நத்தையின் உடல் 50 டிகிரியைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். தடித்த வெண்ணிற ஓடு கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலும் அந்த நத்தை தன் உடலை ஓட்டின் மேற்சுருள்களுக்குள் இழுத்துக்கொண்டு, தரையைத் தொடும் பெரிய கீழ்ச்சுருளைக் காற்று நிரம்பிய வெற்றிடமாக விட்டுவிடுகிறது. அந்தக் காற்று தரையின் சூடு மேலே ஏறாமல் தடுக்கிறது. அதாவது, அந்த நத்தை தன் ஓட்டுக்குள்ளேயே மாடி ஏறிக்கொள்கிறது. அவ்வளவு தடித்த ஓடு இல்லாத கமார்க் நத்தை, தண்டில் ஏறி அந்த இடைவெளியை வெளியிலிருந்து உண்டாக்கிக்கொள்கிறது. வழிகள் வெவ்வேறு, தப்ப வேண்டியது ஒரே தரையிலிருந்துதான்.

ஏறுவது விளங்கினாலும் கூடுவது ஏன் என்பது தனிக் கேள்வி. வேலியின் ஒரு கம்பில் நூறு நத்தைகளும் அதை அடுத்த கம்பில் ஏழெட்டு மட்டுமே இருப்பதையும் இன்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு கம்புகளுக்கும் உயரத்தில் வேறுபாடில்லை, வெயிலிலும் வேறுபாடில்லை. எனவே நல்ல இடம் குறைவு என்பதால் மட்டுமே கூடுகின்றன என்று சொல்லிவிட முடியாது.

நத்தை நகர்வதற்கு விலை தண்ணீர். அதன் பாதத்திலிருந்து வழியும் கோழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். ஒவ்வொரு அங்குலமும் உடலின் நீரைத் தரையில் பூசிக்கொண்டே கடக்க வேண்டியிருக்கிறது. கால்களால் நடக்கும் விலங்குகளோடு ஒப்பிட்டால், கோழையின் மீது ஊர்வது தொலைவுக்குத் தொலைவு பல மடங்கு செலவு மிகுந்த பயணம். முன்னே சென்ற நத்தை விட்டுப் போன தடத்தின் மேல் ஊர்ந்தால் புதிதாகச் சுரக்க வேண்டிய கோழை குறைகிறது. கடலோரப் பாறைகளில் வாழும் நத்தைகளில் இந்தச் சிக்கனம் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. ஆகவே முதல் நத்தை ஏறிய கம்பில் அதன் தடத்தை மோப்பம் பிடித்து அடுத்தது ஏறுகிறது. இரண்டு ஏறிய பின் மூன்றாவதற்கு வழி இன்னும் தெளிவாகிறது. தடம் ஏற ஏறக் கூட்டம் ஏறுகிறது. கூட்டமான பின் அதற்கென்று ஒரு பயனும் சேர்ந்துவிடுகிறது: ஒன்றை ஒன்று ஒட்டிய ஓடுகள் ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன, காற்றுக்குத் திறந்திருக்கும் பரப்பு குறைகிறது, நடுவில் இருப்பவற்றின் நீரிழப்பு தணிகிறது. ஓரத்தில் இருப்பவற்றுக்கு அந்தப் பயன் குறைவுதான். ஆனாலும் தனியே ஒரு கம்பைத் தேடி இன்னும் நீரைச் செலவிடுவதைவிட அது மேல்.

கடற்கரைக்குச் செல்லும் பாதையின் ஓரத்தில் இரும்புப் பலகைக் கம்பம் ஒன்று நின்றது. இரும்பு வெயிலில் கொதிக்குமே என்று தொட்டுப் பார்த்தால், வெயில் பட்ட தென்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. நத்தைகள் அநேகமாக எல்லாமே வடபக்கத்திலும், பலகையின் நிழல் விழும் பகுதியிலும் இருந்தன. இவை இரவில் ஏறியவை. அப்போது எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்து ஏறியிருக்க முடியாது. தென்பக்கம் அமர்ந்தவை அடுத்த நாள் சூட்டில் தாங்க முடியாமல் அடுத்த இரவு இடம் மாறியிருக்க வேண்டும், அல்லது உதிர்ந்திருக்க வேண்டும். கம்பத்தின் அடியில் தென்பக்கமாகக் குவிந்து கிடந்த வெற்று ஓடுகளைப் பார்க்கும்போது இரண்டுமே நடந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

வியாழன், க்ரோ சமவெளி

துரான்ஸ் நதி பழங்காலத்தில் பாய்ந்து, பின் திசைமாறிப் போனபோது விட்டுச் சென்ற கூழாங்கல் வெளிதான் க்ரோ. கண்ணுக்கெட்டிய வரை கற்கள், கற்களுக்கிடையே ஆடுகள் மேய்ந்து குட்டையாக்கிய புல். ஏறுவதற்குத் தண்டே இல்லாத நிலத்தில் நத்தைகள் என்ன செய்யும் என்று பார்க்கவே வந்தேன். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் பாதையை விட்டு விலகவில்லை, கற்களைப் புரட்டவுமில்லை.

பாதையோரத்து முள்ளிச்செடி ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்தது. எல்லைக் கற்கள், வேலிக் கம்பிகள், அறிவிப்புப் பலகையின் கால்கள் என்று முழங்கால் உயரம் தாண்டிய எதையும் விட்டுவைக்கவில்லை. வேறு சில நத்தை இனங்கள் கல்லிடுக்குகளிலும் சருகுகளுக்கு அடியிலும் புகுந்து கோடையைக் கழிக்கின்றன. பொமாத்தியாஸ் என்ற இனம் ஓட்டின் வாய்க்குச் சுண்ணாம்புக் கதவே வைத்திருப்பதால் சருகு மண்ணுக்குள் புதைந்து நிம்மதியாகத் தூங்குகிறது. இடுக்கு நல்ல புகலிடம்தான். ஆனால் வண்டுகளும் எலிகளும் புழங்குவதும் அங்கேதான்.

வெள்ளி, செரிஞான்

ஆரஞ்ச் நகருக்கு வடக்கே செரிஞான் என்ற சிற்றூரில், பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் 1879 முதல் 1915-இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடும் தோட்டமும் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவர் பெயரை இங்கே எடுப்பதற்குக் காரணம், தண்டேறிய நத்தைகளை அவர் வேறொரு கோணத்திலிருந்து கவனித்திருக்கிறார் என்பதே. மின்மினியின் புழு எதைத் தின்கிறது என்று தேடிப் போன அவர், கோடையில் சாலையோரத்துக் காய்ந்த தண்டுகளில் கொத்தாக ஒட்டியிருக்கும் சிறு நத்தைகளையே அது வேட்டையாடுவதைக் கண்டார்.

நத்தை தண்டில் ஒட்டியிருக்கும் பிடிமானம் மிக மெல்லியது. கடித்ததும் நத்தை அதிர்ந்து உள்ளே சுருங்கினால் படலம் பிரிந்து ஓடு கீழே விழுந்துவிடும். விழுந்த இரையைப் புல்லுக்குள் தேடிப் பிடிப்பது புழுவுக்கு எளிதன்று. ஆகவே மின்மினிப் புழு நத்தையின் திறந்த சதையில் மிக மென்மையாக, தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல், சில முறை கடிக்கிறது. அந்தக் கடியில் செல்லும் நஞ்சு நத்தையை அசைவற்றதாக்கிவிடுகிறது. நத்தை வலியை உணர்ந்து சுருங்குவதற்குள் உணர்விழந்துவிடுவதால் இருந்த இடத்திலேயே ஒட்டியிருக்கிறது. அதன் பின் புழு சதையைக் கரைத்துக் குடிக்கிறது. அப்படிக் கடிபட்ட நத்தைகளை எடுத்துத் தனியே வைத்து நீர் தெளித்தபோது, இறந்ததுபோல் கிடந்தவை சில நாட்களில் மீண்டும் உயிர்ப்புடன் ஊர்ந்ததையும் ஃபாப்ர் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் படித்தவர்களுக்கு அவர் கவனத்தின் கூர்மை வியப்பளிக்கும். எனக்கு அதைவிட, அந்த மெல்லிய படலத்தின் இயல்பே இதில் வெளிப்படுகிறது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. நத்தை ஏன் இன்னும் வலுவாக ஒட்டிக்கொள்ளக் கூடாது? வலுவாக ஒட்ட வேண்டுமானால் கோழை அதிகம் வேண்டும், கோழைக்கு நீர் வேண்டும். ஒட்டுவதற்கும் சேமிப்பதற்கும் இடையில் எவ்வளவு குறைவாகச் செலவிட முடியுமோ அவ்வளவே செலவிட்டிருக்கிறது. காற்றில் ஆடினாலும் விழாத அளவுக்குப் போதும். விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

தோட்டத்துச் சுவரோரம், உதிர்ந்து கிடந்த காலி ஓடு ஒன்றை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். வாயில் ஒரு படலம் பாதி கிழிந்திருந்தது. அதற்கு உள்ளே, அரைச் சுருள் தள்ளி, இன்னொரு படலம். அதற்கும் உள்ளே மூன்றாவது. உடல் நீர் குறையக் குறைய நத்தை சுருங்கி உள்ளே பின்வாங்குகிறது. பின்வாங்கிய ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு கதவை அடைத்துக்கொள்கிறது. கதவுகளுக்கிடையே அடைபட்ட காற்று ஈரத்தை மேலும் காக்கிறது. அந்த நத்தை மூன்று முறை கதவடைத்தும் கோடையைக் கடக்கவில்லை.

சனி, மீண்டும் ஆர்ல்

வெப்பம் 39 டிகிரி. காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் தவிர வெளியே செல்லவில்லை. கதவடைத்துக்கொண்ட நத்தைக்குள் என்ன நடக்கிறது என்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

கோடைத்துயிலில் இருக்கும் நத்தையின் இதயத் துடிப்பு மிகவும் தணிந்துவிடுகிறது. அது செலவிடும் உயிர்வளி விழித்திருக்கும்போது தேவைப்படுவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இறங்கிவிடக்கூடும். மூச்சுத்துளையை எப்போதும் திறந்து வைத்தால் ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியேறும் என்பதால், அதை நெடுநேரம் மூடி வைத்து, கரியமில வாயு தேங்கிய பின் சிறிது நேரம் மட்டும் திறக்கிறது. வெப்பத்தால் உடலின் புரதங்கள் உருக்குலையத் தொடங்கும்போது அவற்றைத் தாங்கிப் பிடித்துச் சீராக்கும் சிறப்புப் புரதங்களைச் செல்கள் உற்பத்தி செய்கின்றன. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே புரோவான்ஸ் பகுதியிலிருந்து எடுத்த செரோபிக்டா நத்தைகளில் இந்தப் புரதங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றை உற்பத்தி செய்வதற்கும் ஆற்றல் வேண்டும்; உண்ணாமல் தூங்கும் விலங்குக்கு அது கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. எனவே சில டிகிரி குறைவான உயரத்தில் அமர்வது உயிரைக் காப்பதோடு, நாள்தோறும் அந்தச் செலவையும் குறைக்கிறது.

இந்தத் துயில் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. எகிப்தியப் பாலைவன நத்தை ஒன்றை இறந்துவிட்டதாகக் கருதி, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1846 மார்ச் 25 அன்று அட்டையில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். 1850 மார்ச்சில், ஓட்டின் வாயில் புதிய படலம் உருவாகியிருந்ததை யாரோ கவனித்து, வெதுவெதுப்பான நீரில் இட்டதும் நத்தை தலையை நீட்டியது. அதன் பின்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது. அந்த நெகேவ் நத்தையை அளந்தவர்களும், அதன் உடலிலிருந்து நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் அளவே நீர் குறைகிறது என்று கண்டார்கள். உடலில் மொத்தம் ஏறத்தாழ 1.4 கிராம் நீர் இருக்கும்போது, அதில் பாதியை இழப்பதற்கே ஆண்டுகள் ஆகும். இங்குள்ள நத்தைகளுக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. அவை காத்திருப்பது ஒரு கோடைக்கு மட்டுமே.

மாலையில் தரிசு நிலத்துக்குப் போனபோது, பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் நின்று விசாரித்தார். நத்தைகள் மேலே ஏறினால் மழை வரும் என்று தம் தாத்தா சொல்வார் என்றார். மழைக்கு முன் காற்றில் ஈரம் கூடும்போது நத்தைகள் விழித்து நகர்வது உண்டு என்பதால் அந்தச் சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது; ஆனால் இப்போது தண்டில் இருப்பவை பல வாரங்களுக்கு முன்பே, வசந்தத்தின் கடைசி ஈர இரவுகளில் ஏறியவை. அவை மழை வரப்போவதைச் சொல்லவில்லை, மழை நின்றுவிட்டதைச் சொல்கின்றன.

ஞாயிறு, பின்னிரவு

மேற்கிலிருந்து இடியோடு மேகம் திரண்டு, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. விளக்கை எடுத்துக்கொண்டு தரிசு நிலத்துக்கு ஓடினேன்.

முதல் கால்மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. ஓடுகளின் மேல் நீர் வழிந்து இறங்கியது. பின்னர், தண்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருந்த படலம் ஊறி வெளுப்பிழந்து, வழவழப்பானது. ஒரு கொத்தின் ஓரத்தில் இருந்த நத்தையின் ஓடு சற்றே சாய்ந்தது. விளிம்புக்கு அடியில் சாம்பல் நிறச் சதை ஒரு கோடாகத் தெரிந்து, விரிந்து, தண்டைத் தொட்டுப் படர்ந்தது. கடைசியாகத்தான் கொம்புகள் வந்தன, முதலில் கீழ்ச்சிறு கொம்புகள், அடுத்துக் கண் தாங்கிய நீண்ட கொம்புகள். உடல் நீரை உறிஞ்சிப் பருப்பது கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடந்தது. சில நத்தைகள் தங்கள் படலத்தையே தின்றன. அதில் இருக்கும் புரதத்தை வீணாக்குவதில்லை. ஓரத்தில் இருந்தவை முதலில் விழித்தன, நடுவில் இருந்தவை கடைசியில். பகலில் ஓரத்துக்குக் கிடைக்காத நிழலின் பயன் நடுவில் இருந்தவற்றுக்குக் கிடைத்தது என்றால், இரவில் மழையின் பயன் ஓரத்துக்கு முந்திக் கிடைத்திருக்கிறது. இதை எங்கும் படித்ததில்லை, இன்று ஒரே ஒரு கொத்தில் பார்த்ததை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குள் தண்டுகளில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டன. தரையெங்கும் நத்தைகள், பெரும்பாலானவை அழுகிய இலைகளையும் காய்ந்த புல்லையும் சுரண்டிக்கொண்டிருந்தன. பயிரைத் தின்று அழிப்பவை என்ற பெயர் இவற்றுக்கு இருந்தாலும், இவற்றின் உணவில் பெரும்பகுதி மக்கிய செடிப்பொருள்தான். கோடை இன்னும் முடியவில்லை. ஒரு மழையில் ஊறிய இந்த மண் மூன்று நான்கு நாட்களில் மீண்டும் காய்ந்துவிடும். அதற்குள் தின்று, நீரை நிரப்பிக்கொண்டு, பனி விழும் ஏதோ ஓர் இரவில் இவை மறுபடியும் ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை தண்டின் உச்சியில் பார்த்த பனித்துளிகள் அந்த ஏற்றத்துக்கு உதவும். தரை காய்ந்திருக்கும்போதும் மேலே ஈரம் இருப்பதால், மேலே போகப் போக நகர்வது எளிதாகிறது. இலையுதிர்காலத்தில் மழை நிலைத்த பிறகே இணைசேர்ந்து, ஈரமண்ணில் சிறு குழி தோண்டி முட்டையிடும். செரோபிக்டா இனத்தில் பெரும்பாலானவை அத்தோடு இறந்துவிடுகின்றன. அடுத்த ஜூலையில் இதே சோம்புத் தண்டுகளில் ஏறப்போவது அந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள்.